பேராண்டிக்கு வேலை குவியுதாம்

வா பேராண்டி, உக்காரு. பாயான் பாரு பசார்ல மீன்காரன் மொதக்கொண்டு ஒன்னப் பத்தித்தான் பேசிக்கிட்டு இருக்கான். ஒரு வேன், ரெண்டு ஆளு, ஒரு ஏணி. இத வச்சுக்கிட்டு ஏர்கோன் கழுவுற பயலுக்கு ஒரே வாரத்துல நாலு பக்கமிருந்து வேலை வந்துருக்காம். எனக்குப் பெருமை தாங்கல.

எதை எடுக்கலாம், எதை விடலாம்னு கேக்குற. இதுல என்னடா யோசனை? எல்லாத்தையும் எடு. வேணாம்னு சொன்னா மனுசங்க மனசு நோவும். அடுத்தவன் மனசு நோகாம நாம மட்டும் கடன்ல முழுகுறதுதானே நம்ம பண்பாடு? ஏணி ஒண்ணுதான் இருக்கேன்னு கவலைப்படாதே. நாலு எடத்துலயும் நாலு பேரு நீ எப்ப வருவேன்னு வாசல் பாத்துக்கிட்டு நிப்பான். நீ வேன்ல உக்காந்து "வந்துக்கிட்டே இருக்கேன் போஸ்"னு போன்ல சொல்லிக்கிட்டே இருக்கலாம். அதுக்கு ஏணி எதுக்கு?

வேணாம்னு சொல்ற பழக்கம் நம்ம வம்சத்துலயே கெடையாதுன்னு வச்சுக்க. ஒன் பாட்டன் பூட்டன் காலத்துல கங்காணி ஊருக்கு வந்து, மலாயாவுல வேலை இருக்கு, காடு வெட்டிக் கெடக்கு, கூலி கைமேலன்னு சொன்னப்போ, யாரும் தாளைக் காட்டுன்னு கேக்கல. சரின்னாங்க. நாகப்பட்டினத்துல கப்பல் ஏறி பினாங்குல எறங்குனாங்க. கங்காணிக்கு அதுல என்ன லாபம் தெரியுமா? ஆளு வேலைக்கு எறங்குற ஒவ்வொரு நாளுக்கும் தலைக்கு இத்தனை காசுன்னு தோட்டத்துல அவருக்குத் தனியா உண்டு. தலைக்காசுன்னு பேரு. அதனால நீ காய்ச்சல்ல படுத்தா ஒன்னவிட அவருக்குத்தான் மனசு துடிக்கும். அம்புட்டுப் பாசமா வந்து எழுப்பிவிடுவாரு. 1938ல இந்திய அரசாங்கம் அந்த ஆள்கட்டுற கப்பலை நிறுத்திப்புடுச்சு. கங்காணி மட்டும் நிக்கல. இப்ப நல்ல சட்டை போட்டு, ரெண்டு போன் வச்சுக்கிட்டு, "ப்ராஜெக்ட் இருக்கு தம்பி"ன்னு ஒன் கடைக்கு வர்றாரு. ஒனக்கு வேலை கெடைச்சா அவருக்குக் காசு. வேலை முடிஞ்சு பணம் வரலைன்னா? அது ஒன் காய்ச்சல். ஒன்னோடயே இருக்கும்.

அதனால, வேலை எவ்வளவு பெருசுன்னு எங்கிட்டச் சொல்லாதே. அந்த வேலை திடீர்னு நின்னு போற மாசம் யாரு தலையில விடியுதுன்னு சொல்லு. நான் கேக்குறது அது ஒண்ணுதான்.

இதுல என்ன பெரிய விசயம்னு மூஞ்சியத் தூக்காதே. நீ உக்காந்திருக்கிற இந்த ஊரே அந்தக் கேள்வியில உண்டான ஊருதான். ஒங்க காலத்துப் பசங்களுக்கு பாயான் பாருன்னா பசார், ஃபிளாட், ஃபேக்டரி ஷிப்ட் முடிஞ்சு வர்ற மோட்டார் சைக்கிள். எனக்குத் தெரிஞ்ச பாயான் பாரு பாதி நெல்லு வயலு, மீதி தென்னந்தோப்பு. பினாங்குக்கு அப்போ ஒரே பொழப்பு: துறைமுகம். வரியில்லாத் துறைமுகம். கப்பல் வரும், சாமான் எறங்கும், தோணிக்காரன், மூட்டை தூக்குறவன், கடைக்காரன், கணக்கெழுதுறவன், வட்டிக்கு விடுறவன் எல்லாரும் அந்த ஒண்ணை வச்சுத்தான் சோறு தின்னாங்க. நம்ம ஆளுங்க எத்தனை பேரு அந்தத் துறைமுகத்துல முதுகை ஒடிச்சாங்க தெரியுமா? 1969ல அந்த வரியில்லாத சலுகையைப் பறிச்சுட்டாங்க. முடிஞ்சுது. வேலை கேட்டு அலையுறவன் நூத்துக்குப் பதினைஞ்சு பேருன்னு ஆயிப்போச்சு. நூறு வருசத்துக்கு மேல சோறு போட்ட ஒரே வாடிக்கைக்காரன் கையை ஒதறிட்டான்.

அதே வருசம் டாக்டர் லிம் சோங் இயூ முதலமைச்சரா வந்தாரு. மேம்பாட்டுக் கழகம்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. பசிச்சவன் பேரம் பேச முடியாதுன்னு சொல்லுவீங்க. அந்த மனுசன் பேசினாரு. 1970ல பினாங்கு எலக்ட்ரானிக்ஸ்னு சின்னதா ஒரு ஆலையைக் கழகமே வச்சு, எங்க ஊரு ஆளுங்க கைக்கு இந்த வேலை வரும்னு மொதல்ல காட்டுனாங்க. காட்டிட்டு வெளியில போயி ஆளைக் கூப்புட்டாங்க. 1972ல பாயான் லெப்பாஸ்ல வரியில்லாத் தொழில் வட்டாரம். மொதல்ல வந்தது ஒரு கம்பெனி இல்ல, எட்டு. இன்டெல், ஹியூலட் பேக்கார்ட், ஏ.எம்.டி., நேஷனல் செமிகண்டக்டர், லிட்ரோனிக்ஸ், ஹிட்டாச்சி, கிளாரியன், பாஷ். அமெரிக்கா ஒரு பக்கம், ஜப்பான் ஒரு பக்கம், ஜெர்மனி ஒரு பக்கம். எட்டு சாமுராய்னு இன்னிக்கும் சொல்றாங்க.

ஏன் எட்டு? ஒரு பெரிய மொதலாளியைப் புடிச்சு, மொத்த வயலையும் அவன் பேருக்கு எழுதிக் குடுத்துட்டு நிம்மதியா தூங்கியிருக்கலாமே? துறைமுகத்துல பட்ட சூடு அப்போ இன்னும் ஆறல, அதான். 1985, 86ல உலகம் முழுக்க எலக்ட்ரானிக்ஸ் படுத்தப்போ இங்கயும் ஆளைக் கொறைச்சாங்க, கதவைச் சாத்துன ஆலையும் உண்டு. தோட்டத்துலேருந்து ஃபேக்டரி பஸ்ல வந்து போன நம்ம பொண்ணுங்க பல பேரு வீட்டுல உக்காந்துச்சுங்க. ஆனா ஊரு படுக்கல. ஒருத்தன் போனா இன்னொருத்தன் இருந்தான்.

இப்ப ஒன் கதைக்கு வா. பத்து காவான்ல புது ஃபேக்டரிக்கு டக்ட் மாட்டுற வேலை. நாலு மாசம். ரெண்டு ஆளும் அங்கயே கெடக்கணும், நீயும் கெடக்கணும். நல்லாத்தான் இருக்கு. கேக்கவே இனிக்குது. அந்த நாலு மாசத்துல இந்தப் பக்கம் கடை வரிசையில ஏர்கோன் ஒழுகுதுன்னு கூப்புடுற கிளினிக்கு, முடிவெட்டுற கடை, டியூஷன் சென்டர் எல்லாம் வேற ஆளைப் பாத்துக்கும். அவங்க ஒண்ணும் ஒன் பேருல சத்தியம் பண்ணிக்கிட்டு வேர்த்து ஒழுக உக்காந்திருக்க மாட்டாங்க. அஞ்சாவது மாசம் நீ திரும்பி வர்றப்போ ஒங்கிட்ட வேன் இருக்கும், ஏணி இருக்கும், பத்து காவான்ல வேலை பாத்தவன்ங்கிற பேரு இருக்கும். வேலை இருக்காது.

இதையும் மீறி அதை எடுக்கலாம். எடுக்கக் கூடாதுன்னு நான் சொல்லல. ஆனா பணம் எப்ப வருதுன்னு வேலை தர்றவருகிட்ட கேட்டியே, அவரு சொன்ன பதிலை இன்னொரு வாட்டி சொல்லு பாப்போம்? "மேல இருக்கிற கான்ட்ராக்டர் எனக்குக் குடுத்ததும் நான் ஒனக்குக் குடுக்குறேன்." அடடா. என்ன அழகான வாக்கு. மேல இருக்கிறவனுக்கு அவனுக்கு மேல இருக்கிறவன் குடுக்கணும். அவனுக்கும் மேல ஃபேக்டரி. நீ நாலாவது படி. மழை நாலு மாடி ஒழுகி ஒன் தலையில சொட்டுறதுக்குள்ள ஒன் ரெண்டு ஆளும் என்ன செய்வாங்க, காத்தைக் குடிப்பாங்களா?

ஒனக்குச் சட்டம் தெரியாது, ஏர்கோன் தெரியும். எனக்கு ரெண்டும் தெரியாது, ஆனா வேலை இல்லாத கெழவன், பேப்பர் படிக்கிறேன். ஆளுக்குச் சம்பளம் ஏழாம் தேதிக்குள்ள கைக்குப் போகணும். 1955ஆம் வருசத்து வேலைவாய்ப்புச் சட்டம் அது. இ.பி.எஃப். சேமநிதிக் காசு பதினைஞ்சாம் தேதிக்குள்ள கட்டணும். அந்த ஏழும் பதினைஞ்சும், "மேலேருந்து இன்னும் வரல போஸ்"னு சொன்னா ஒத்துக்காது. ஒன் பக்கம் தேதி போட்டு நிக்குது, அவன் பக்கம் தேதியே இல்ல. இது வேலை இல்லடா, நீ அவனுக்கு வட்டியில்லாமக் கடன் குடுக்குற. பேங்க்குக்காரன் கூட அவனுக்கு அப்படிக் குடுக்க மாட்டான். நீ குடுப்ப, ஏன்னா நீ நல்ல பய.

இன்னொண்ணும் படிச்சேன். கட்டுமான வேலைக்குப் பணம் குடுக்குறதுக்குன்னே 2012ல ஒரு சட்டம் போட்டு, 2014 ஏப்ரல்லேருந்து நடைமுறைக்குக் கொண்டாந்துருக்காங்க. எனக்கு வந்தாத்தான் ஒனக்குன்னு எழுதுற அந்த வரி இருக்கே, அது செல்லாதுன்னு அதுல நேராப் போட்டுருக்கு. பணம் எப்பன்னு ஒப்பந்தத்துல ஒண்ணும் சொல்லாம விட்டா, பில்லு கைக்குப் போன முப்பது நாள்ல குடுக்கணும்னு இருக்கு. தகராறுன்னா கோர்ட்டுக்கு வருசக்கணக்கா அலைய வேணாம், நடுவர் ஒருத்தரு பதில் பத்திரமெல்லாம் வந்தப்புறம் நாப்பத்தஞ்சு வேலை நாள்ல தீர்ப்பு சொல்லணும். கேக்க எவ்வளவு நல்லாருக்கு! ஒரே ஒரு சின்ன விசயம். ஒப்பந்தம் எழுத்துல இருக்கணும். ஒங்கிட்ட என்ன இருக்கு? வாட்ஸ்அப்புல அவன் போட்ட கட்டைவிரல். சிரிச்ச மூஞ்சி ரெண்டு. அதை நடுவர்கிட்ட காட்டு, அவரும் சிரிப்பாரு.

எழுதித் தாங்கன்னு கேட்டா அவரு கோவிச்சுக்குவாருன்னு சொல்ற. கோவிச்சுக்கட்டும்டா. எழுதக் கேட்டதுக்கே கோவப்படுற மனுசன் பணம் கேட்டா என்ன பண்ணுவான்? அந்தக் கோவத்தை நீ நாலு மாசம் வேலை செஞ்சப்புறம் பாக்குறதுக்கு இப்பவே பாத்துடுறது மலிவு.

பணத்துக்குப் பதிலா வேற ஏதாச்சும் தர்றேன்னும் சொன்னாராமே? ஆமா, அதையும் கேள்விப்பட்டேன். "ரொக்கம் இல்லேன்னா என்ன, ஒரு கடை வீடு பாதி வெலைக்கு ஒன் பேருக்கு மாத்திவிடுறேன்." பில்லுக்கு எதிரா வீட்டைத் தள்ளிவிடுற வியாபாரம் இந்த ஊருல புதுசு இல்ல. ஏர்கோன்காரன் வீட்டுக்காரனாயிட்டான்னு ஒன் மாமியார் வீட்டுல பெருமை பேசலாம். ஆளுங்களுக்குச் சம்பள நாளு வந்தா ஆளுக்கு ஒரு செவுரைப் பேத்துக் குடு.

செட்டியாருங்க கதை ஒண்ணு உண்டு. பினாங்கு ஸ்ட்ரீட்டுல கிட்டங்கி போட்டு, கால் மடக்கி உக்காந்து, பெட்டிக்கு முன்னாடி கணக்கெழுதுன பரம்பரை. யாருக்குக் குடுக்கலாம், யாருக்குக் குடுக்கக் கூடாதுன்னு மூஞ்சியைப் பாத்தே சொல்லுவாங்கன்னு பேரு. பையனைப் பெட்டியடியில உக்கார வச்சு, அடுத்தாளாக்கி, மேலாளாக்கி, மூணு வருசக் கணக்குன்னு கப்பல் ஏத்தி அனுப்பி, திரும்பி வந்து கணக்கை ஒப்படைச்சாத்தான் அடுத்த பேச்சு. அம்புட்டு ஒழுங்கு. தண்ணீர்மலைக்குப் போற வழியில 1857ல கோயில் கட்டுனதும், 1894ல காரைக்குடிப் பக்கமிருந்து வெள்ளி ரதம் கொண்டாந்ததும் அந்தக் கணக்குல மிச்சம் புடிச்ச காசுதான். அப்பேர்ப்பட்ட மனுசங்களுக்கே பர்மாவுல என்ன ஆச்சு? விவசாயிக்குக் கடன் குடுத்தாங்க. 1930ல நெல்லு வெலை விழுந்துச்சு. ரொக்கமாத் திருப்ப முடியாதவன் நெலத்தை எழுதிக் குடுத்தான். இவங்களுக்கு நெலம் வேணாம், பணம்தான் வேணும். ஆனா வேற வழி? கீழ்ப் பர்மாவுல நெல்லு வெளையுற பெரிய மாவட்டங்கள்ல 1930ல நூத்துக்கு ஆறு அளவுக்கு இருந்த செட்டியார் நெலம், ஏழெட்டு வருசத்துல நூத்துக்கு இருபத்தஞ்சாச்சு. தாள்ல பாத்தா ராஜா. அப்புறம் 1942ல ஜப்பான்காரன் வந்தான், சண்டை முடிஞ்சு பர்மாக்காரங்க ஆட்சி வந்துச்சு, நெலம் எல்லாம் போச்சு. நெலத்தைச் சுருட்டிக் கக்கத்துல வச்சுக்கிட்டு கப்பல் ஏற முடியுமா? கணக்குப் புலிங்களே மாட்டுன எடம் அது. நீ கால்குலேட்டர் இல்லாம ஏழை எட்டால பெருக்க மாட்ட.

கூட்டாளி வேலைக்கு வருவோம். அதுதானே ஒனக்கு உள்ளுக்குள்ள ரொம்ப இனிக்குது? ஒன் கூட்டாளி நல்ல பையன்தான். வாயத் தொறந்தா "தொடர்பு". அவனுக்கு அங்க ஆளு தெரியும், இங்க ஆளு தெரியும். 2025 ஜனவரியில எல்.ஆர்.டி. ரயிலுக்கு அடிக்கல் நாட்டுனதுலேருந்து பசார்ல காப்பிக்கடைக்கு ரெண்டு பேரு அந்த வேலையில பங்கு இருக்குன்னு சுத்துறான், அதுல இவன் ஒருத்தன். இவன் தொடர்பைப் போடுவான், நீ காசைப் போடணும், வேனைப் போடணும், பேங்க்ல கையெழுத்தைப் போடணும். நியாயமான கூட்டுத்தான். ஒரு கை தட்டுனா ஓசை வராதுல்ல? அதான் ஒன் ரெண்டு கையையும் கேக்குறான்.

கூட்டுச் சட்டம்னு 1961ல ஒண்ணு இருக்கு. அதுல ரெண்டு சேதி. மொதச் சேதி, பங்கு இவ்வளவுன்னு நீங்களே பேசி வச்சுக்கலேன்னா, லாபமும் நட்டமும் ஆளுக்குச் சமம். நீ எண்பதாயிரம் வெள்ளி போட்ட, அவன் எட்டு போன் நம்பர் போட்டான்னு சட்டம் கேக்காது. ரெண்டாஞ் சேதி, கம்பெனி வேலையின்னு அவன் வாங்குற கடனுக்கு நீயும் பொறுப்பு. அவன் ஏதோ ஒரு கடையில கம்பெனி பேரைச் சொல்லி இருபது கம்ப்ரசர் எடுத்துட்டு வந்தாலும் கடைக்காரன் ஒன் வீட்டுக் கதவைத் தட்டலாம். தட்டுவான். ஏன்னா ஒன் வீடு எங்கன்னு ஊருக்கே தெரியும், அவன் வீடு மாறிக்கிட்டே இருக்கு.

பாயான் லெப்பாஸ்ல பாம்புக் கோயிலுக்குச் சின்னப்பயலா இருக்கும்போது ஒன்னக் கூட்டிட்டுப் போயிருக்கேன். ஊதுபத்திப் பொகையில மயங்கி, கெளையில பச்சையா சுருண்டு கெடக்கும். எவ்வளவு சாதுவா இருக்குன்னு நீ கையை நீட்டுன. அது சாதுன்னு பொகை சொல்லுது, பல்லு சொல்லல. அன்னிக்கு ஒன் கையை நான்தான் தட்டிவிட்டேன்.

கூட்டே ஆகாதுன்னு சொல்ல வரல. கல்யாணம் பண்ணாமயே வாழ்க்கையைக் கழிக்கச் சொல்ற கெழவன் இல்ல நான். ஒரே ஒரு வேலை சேந்து செய்ங்க. சின்ன வேலை. அவன் ஆளைப் புடிச்சுக் குடுத்தா அதுக்கு இவ்வளவுன்னு காசைக் குடுத்து ரசீது வாங்கு. பணம் லேட்டாகும்போது அவன் போனை எடுக்குறானான்னு பாரு. கம்பெனி பதியுறது, போர்டு மாட்டுறது, ரெண்டு பேரு பேரையும் சேத்து அட்டை அடிக்கிறது எல்லாம் அப்புறம். அட்டை அடிக்கத்தான் அவன் மொதல்ல அவசரப்படுறான், கவனிச்சியா?

இப்படி எல்லாத்தையும் தள்ளிவிட்டா நல்ல வாய்ப்பு நழுவிப் போயிடாதான்னு ஒன் கண்ணு கேக்குது. போகும். ஏன் போகாது? நீ தெனம் தாண்டிப் போற இன்டெல்லே அதுக்குச் சாட்சி. வேணாம்னு சொன்னதுல ரெண்டு கதை அவங்ககிட்ட இருக்கு. 1985ல நடந்தது ஒண்ணு. அந்தக் கம்பெனி 1968ல பொறந்ததே நெனைவகச் சிப்பு செய்யத்தான். ஜப்பான்காரன் அதே சிப்பை மலிவாவும் நல்லாவும் செஞ்சு குவிச்சுட்டான். ஆண்டி குரோவும் கோர்டன் மூரும் ஒரு நாள் ஆபீசுல சோந்து போயி உக்காந்திருந்தாங்களாம். நம்மளத் தூக்கிட்டு ஒரு புது ஆளைப் போட்டா அவன் மொதல்ல என்ன செய்வான்னு குரோவ் கேட்டிருக்காரு. இந்த நெனைவகச் சிப்பை விட்டொழிப்பான்னு மூர் சொல்லியிருக்காரு. அப்ப அதை நாமளே ஏன் செய்யக் கூடாதுன்னு அந்த வியாபாரத்தையே தலை முழுகிட்டாங்க. பெத்த பிள்ளையை வேணாம்னு சொன்ன மாதிரிதான். அதுல பொழைச்சது கம்பெனி.

இன்னொரு கதை அப்படிப் போகல. ஆப்பிள்காரன் ஐஃபோன் செய்யுறதுக்கு முன்னாடி, அதுக்குச் சிப்பு செஞ்சு தர்றியான்னு இன்டெல்கிட்ட கேட்டிருக்கான். அவன் சொன்ன வெலை, இவங்க போட்ட அடக்க வெலைக் கணக்குக்குக் கீழ இருந்துச்சு. நட்டத்துக்கு எப்படி விக்கிறதுன்னு வேணாம்னுட்டாங்க. அப்போ தலைவரா இருந்த பால் ஒட்டெலினி 2013ல பதவியை விட்டு எறங்குறப்போ ஒரு பேட்டியில மனசு விட்டுச் சொன்னாரு: எங்க அடக்கக் கணக்கு தப்பு, வித்த எண்ணிக்கை நெனைச்சதுக்கு நூறு மடங்கு, உள்மனசு எடுத்துக்கன்னுதான் சொல்லுச்சு. பாத்தியா, உலகத்துலயே பெரிய கணக்குப்பிள்ளைங்க உக்காந்து போட்ட கணக்கு!

இதைக் கேட்டதும் ஒனக்குக் குஷி வந்துருச்சு. "அப்ப எல்லாத்தையும் எடுக்கலாம் தாத்தா"ங்கப் போற. இருடா. அந்த வேலையை விட்டதால இன்டெல்லு தெருவுக்கு வந்துருச்சா? 2021 கடைசியில இதே மலேசியாவுல முப்பது பில்லியன் வெள்ளி போடுறேன்னு அறிவிச்சாங்க. வேணாம்னு சொல்லி விட்ட லாபத்துக்கு அழுதுக்கிட்டே பல வருசம் சோறு தின்னலாம். சரின்னு சொல்லி மாட்டுன நட்டத்துக்கு அழுறப்போ தட்டுல சோறு இருக்காது. அவங்க தப்பா ஒரு வேலையை எடுத்தாலும் தாங்கும் ஒடம்பு. ஒன் ஒடம்பு ஒரு கம்ப்ரசர் வெடிச்சாத் தாங்குமா? ஒட்டெலினி உள்மனசு பேச்சைக் கேக்காம விட்டுட்டோமேன்னு வருத்தப்படலாம். ஒன் உள்மனசு போன வருசம் என்ன சொல்லுச்சு? ரெண்டாவது வேன் வாங்கச் சொல்லுச்சு. அது எங்க நிக்குதுன்னு நான் கேக்கல.

வேணாம்னு சொல்ல வாய் வரலேன்னு சொல்றியே, அதுக்கு இந்த ஊருல எத்தனையோ பேரு ஒரு தந்திரம் வச்சிருக்கான். வெலையைத் தூக்கிச் சொல்லுவான், எதிராளி ஓடிடுவான்னு. நீ அதைச் செய்யாதே. சில ஆளு அதுக்கும் சரிம்பான். பணம் குடுக்குற எண்ணமே இல்லாதவனுக்கு வெலை எவ்வளவா இருந்தா என்ன? பேரம் பேசாம ஒத்துக்கிறவனைப் பாத்தாத்தான் நான் என் சட்டைப் பையைத் தொட்டுப் பாத்துக்குவேன். நேராச் சொல்லு: "அண்ணே, இந்த மாசம் எங்கிட்ட ரெண்டு ஆளுதான், ஒத்துக்கிட்டு கெடுக்க மாட்டேன்." அம்புட்டுத்தான். காரணம் நீட்டுனா அதுல ஓட்டை கண்டுபுடிச்சு உள்ள வருவான்.

அப்புறம் அந்தத் தைப்பூசப் பந்தல். தண்ணீர்ப் பந்தலுக்கு ஃபேன், ஒயரு, ஒரு ஏர்கோன் ரூமு. கமிட்டித் தலைவர் வந்து "சாமி காரியம்"னாரா? சொல்லுவாரு. தண்ணீர்மலைப் போற ரோட்டுல பந்தல் போடுறவங்கள்ல பாதிப் பேரு நெசமாவே கையிலேருந்து காசு போட்டுச் செய்யுறவங்க. அதுல குத்தம் சொன்னா நாக்கு அழுகிடும். ஆனா இதை வேலைன்னு கணக்குல எழுதாதே. பாதி வெலைன்னு பேசி, அப்புறம் அந்தப் பாதிக்கு ஆறு மாசம் கமிட்டி வீட்டுக்கு நடந்து, கடைசியில முருகனையே திட்டுற நெலைமைக்கு வராதே. குடுக்குறதுன்னா ஒரு நாளு, ஒரு ஆளு, இவ்வளவு ஒயரு, காசு வேணாம்னு சொல்லிக் குடு. அதுக்கு மேல கேட்டா வெலை முழுசு. பாதி வெலைக்குச் செய்யுறவனுக்குப் புண்ணியமும் கெடைக்காது, பணமும் கெடைக்காது.

இனி என் தீர்ப்பைக் கேட்டுக்க. கேட்டுட்டு ஒன் இஷ்டப்படிதான் செய்வேன்னு தெரியும், ஒங்கப்பனும் அப்படித்தான்.

கிளினிக்கு வரிசையில வருசத்துக்கு நாலு தடவை சர்வீஸ்னு அந்த டாக்டரம்மா கேட்டாங்களே, அதைப் புடி. காசு கம்மிதான், மீன்காரன்கிட்டப் பெருமை பேச ஒண்ணும் இல்ல. ஆனா அந்த வரிசையில எட்டு கடை. ஒரு கடை மூடுனா ஏழு இருக்கும். டக்ட் வேலைக்கு சாமான் காசு மொதல்லயே கைக்கு வரணும், பில்லு போட்டா முப்பது நாளு, ரெண்டும் தாள்ல, கையெழுத்தோட. எழுதுனா நாலு மாச வேலையில ஒரு மாசத் துண்டை மட்டும் எடு, ஒரு ஆளை இந்தப் பக்கம் வச்சுக்க. எழுத மாட்டேன்னா அது வேலை இல்ல, விட்டுடு. கூட்டாளிக்கு ஒரு வேலைக்கு ஒரு ரசீது, கம்பெனி கெடையாது. கடை வீட்டுப் பேச்சை எடுத்தா எந்திரிச்சு வந்துடு.

டாக்டரம்மாவுக்கு இப்பவே போன் போடு. ஆறு மணிக்குக் கடையைச் சாத்திடுவாங்க.